தர்க்கத் தீர்ப்பான்களும் கூற்றுகளை அழித்தலும்

கொடுக்கப்பட்ட நிபந்தனைகள் எல்லாம் ஒரே நேரத்தில் உண்மையாக முடியுமா என்று கண்டறியும் மென்பொருளே தர்க்கத் தீர்ப்பான் ஆகும். ஒவ்வொரு நிபந்தனையும் 'கூற்று' எனப்படும். நிரல்களில் பிழை தேடவும் இது பயன்படுகிறது. பிழை நிகழும் சூழலை விவரித்துக் கேட்கும்போது 'தீர்வு இல்லை' என்று பதில் வந்தால், அந்தப் பிழை நிகழ வழியில்லை என்று பொருள்.

1962ல் டேவிஸ், லோகமன், லவ்லேண்ட் ஆகியோர் தந்த முறை எளிமையானது. ஒரு மதிப்பை ஊகிப்பது, முரண்பாடு வந்தால் ஊகத்தை அழித்துவிட்டுத் திரும்புவது. 1996ல் மார்க்கஸ் சில்வாவும் சகல்லாவும் உருவாக்கிய கிராஸ்ப், முரண்பாட்டின் காரணத்தைப் புதிய விதியாகவே நினைவில் வைத்துக்கொண்டது. வேகம் கூடியது. ஆனால் எதை மறப்பது, எதை வைத்திருப்பது என்ற சிக்கலும் கூடவே வந்தது.

2010ல் வெளியான எஸ்.எம்.டி-லிப் 2.0 தரநிலையில் கூற்றுகள் அடுக்காக வைக்கப்பட்டன. 'புஷ்' புதிய அடுக்கைத் திறக்கும், 'பாப்' அதை நீக்கும். 2015ல் வந்த 2.5ஆம் பதிப்பு 'ரீசெட்-அசர்ஷன்ஸ்' கட்டளையைச் சேர்த்தது. இது எல்லாக் கூற்றுகளையும் அழிக்கும். மாறிகளின் அறிவிப்புகளும் போய்விடும். அவை நிலைத்திருக்க வேண்டுமானால் அதற்குரிய விருப்பத்தை முன்பே அமைத்திருக்க வேண்டும்.

இதை எப்படிச் சோதிப்பது? 'எக்ஸ் பூச்சியத்தை விடப் பெரியது' என்று கூறி, புஷ் செய்து, 'எக்ஸ் பூச்சியத்தை விடச் சிறியது' என்று சேர்த்தால் 'தீர்வு இல்லை' என வர வேண்டும். பாப் செய்தபின் 'தீர்வு உண்டு' என வர வேண்டும். பிறகு ரீசெட்-அசர்ஷன்ஸ் கொடுத்து, எக்ஸை மீண்டும் அறிவித்து, இரண்டாம் கூற்றை மட்டும் தந்தாலும் தீர்வு உண்டு என்பதே சரியான விடை.

நீக்கிய கூற்றிலிருந்து பிறந்த விதி ஒன்று உள்ளே தங்கிவிட்டால், தீர்வு உள்ள கணக்குக்கும் 'இல்லை' என்று பதில் வரும். பிழையுள்ள நிரல் அப்போது நல்ல நிரலாகச் சான்று பெற்றுவிடும். தேவையானதையும் சேர்த்து அழித்தால் இதற்கு நேர்மாறான தவறு நடக்கும்.

இத்தகைய பிழைகள் கட்டளைகளின் வரிசையில் ஒளிந்திருப்பதால், கையால் எழுதும் சோதனைகள் போதவில்லை. 2009ல் ப்ரும்மையரும் பியரேயும் தாறுமாறாக உருவாக்கிய சூத்திரங்களைக் கொண்டு தீர்ப்பான்களைச் சோதித்தனர். 2022ல் வெளியான முர்க்ஸ்லா, கட்டளைகளின் வரிசையையே தாறுமாறாக உருவாக்கிச் சோதித்தது.

சிலேட்டில் பழைய கணக்கின் கோடு ஒன்று மிஞ்சினாலும் அடுத்த கணக்கு தப்பாகிவிடும். சரியாக மறப்பதும் சரியாகச் சிந்திப்பதன் ஒரு பகுதியே என்பதை இந்த வரலாறு காட்டுகிறது.