வத்தல் மூட்டையும் அம்மாயியின் அரிசி முடிச்சும்

தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் 1989-ல் தர்மபுரியில் தொடங்கி, பிறகு நம்ம சேலம் பக்கமும் வந்தது. நாமக்கல் தனி மாவட்டமானது 1997-ல்தான். எங்க குழு தொடங்கினப்போ ஒரு தகரப் பெட்டி, ஒரு கணக்கு நோட்டு, இவ்வளவுதான் சொத்து.

முதல் கடனில் ஜவ்வரிசி வத்தல் போட்டோம். 1940-களிலிருந்து மரவள்ளிக் கிழங்கில் ஜவ்வரிசி எடுக்கிற ஊராச்சே, சரக்குக்குப் பஞ்சமில்லை. ஆனா வெயில் சூடு ஆறுமுன்னே சாக்கில் கட்டிட்டோம். உள்ளேயே வேர்த்து, ஐப்பசி அடைமழையும் சேர்ந்து, அத்தனையும் பூசணம். அந்த மாதத் தவணைக்கு ஒருத்தி தோட்டை அடகு வைத்தாள். பேர் போட வேண்டாம்னு சொல்லியிருக்கிறாள்.

அம்மாயி கேட்டுச்சு: "ஏங்கண்ணு, நாங்க விதையை எப்படிக் காத்தோம்னு நெனச்சே?" சுரைக்குடுக்கையில் அடுப்புச் சாம்பலோடு விதையைப் போட்டு, வாயைச் சாணியால் மெழுகுவாங்களாம். சாம்பல் ஈரத்தையும் இழுக்கும், வண்டையும் அண்டவிடாது. துவரைக்குச் செம்மண் கட்டிக் காயவைப்பது தனி. உப்புச் சாடியில் அரிசி முடிச்சு எப்பவும் கிடக்கும்.

அடுத்த தடவை அதையே செய்தோம். அரிசியை வெறும் சட்டியில் வறுத்து, நல்லா ஆறினதும் பழைய வேட்டித் துணியில் முடிந்து, வத்தல் டின்னில் போட்டோம். ஆறாமல் கட்டினால் அதுவே வேர்க்கும். பத்துப் பதினைந்து நாளில் அரிசி நமுத்துப் போகும், திரும்ப வறுக்கணும். மூடி இறுகாத டின்னில் போட்டும் பிரயோசனமில்லை. ஊர் ஈரத்தை எல்லாம் ஒரு முடிச்சு எங்கே இழுக்கும்?

மாத்திரை டப்பாவில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலத்துக்கும் வேலை இதேதான். அதைத் தயாரிக்கும் முறைக்கு அமெரிக்காவில் வால்ட்டர் பேட்ரிக் என்பவர் 1919-ல் காப்புரிமை வாங்கினார். அம்மாயிக்கு அதெல்லாம் தெரியாது.

தகரப் பெட்டிக்கு மட்டும் சுட்ட சுண்ணாம்புக்கல், மூடியில் ஓட்டை போட்ட டப்பாவில். ஒரு கிலோ கல் 300 கிராம் தண்ணீர் வரை இழுக்கும். பொடியாகிவிட்டால் மாற்றணும். தண்ணி பட்டால் கொதிக்கும், கண்ணைப் பொசுக்கும்; பிள்ளைகள் கைக்கு எட்டவும் கூடாது, தின்கிற பண்டத்தோடு வைக்கவும் கூடாது.

அந்த முதல் நோட்டு இன்னும் பெட்டியில்தான் இருக்கு. அந்த ஐப்பசிப் பக்கத்தில் மட்டும் மை பரவியிருக்கும்.