பழங்காரும் பால்மரமும்

‘வின்டேஜ்’ என்னும் ஆங்கிலச் சொல் திராட்சை அறுவடையைக் குறிப்பது. இன்ன ஆண்டில் பறித்த பழத்தின் மது என்று ஆண்டு சுட்டிப் போற்றும் வழக்கிலிருந்து அது மோட்டார் காருக்கு வந்து சேர்ந்தது. பழைய கார்களைப் பேணும் அன்பர்கள் அதனை மனம்போனபடி ஆள்வதில்லை. 1934இல் இங்கிலாந்தில் ‘வின்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப்’ என்னும் சங்கம் தோன்றிற்று. அதன் மரபுப்படி, முதல் உலகப் போருக்குப் பின் தொடங்கி 1930 முடிய உருவான வண்டிகளே வின்டேஜ் கார்கள். அதன்பின் உலக வாணிகம் நொடித்தது. மலிவு கருதிச் செய்த வண்டிகளில் பழைய நேர்த்தி இல்லை என்பது அச்சங்கத்தார் கருத்து.

அந்த 1930 என்னும் எல்லைக்கோடு நம் தோட்டங்களின் ஊடேயும் ஓடுகிறது.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிறு காலை, கோலசிலாங்கூரில் மெலாவத்திக் குன்றின் அடிவாரத்தில் பழங்கார்கள் சில வரிசையாக நின்றன. எம் பள்ளி மாணவர் நால்வரும் உடனிருந்தனர். பித்தளை விளக்கும் மரச் சக்கரமும் கண்டு வியந்தோம். ஒவ்வொரு வண்டியின் முன்னும் ஓர் அட்டை: செய்தவர் பெயர், ஆண்டு, குதிரைச் சக்தி. டயரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. குறை கூறவில்லை, அவரவர் பார்வை அவரவர்க்கு. ஆயினும் பால்மரக் காட்டில் பிறந்தவன் கண் டயருக்குத்தானே முதலில் போகும்?

காற்றடைத்த டயரை டன்லப் 1888இல் பெல்பாஸ்ட் நகரில் செய்தது சைக்கிளுக்காக. மோட்டார் பெருகியபோது அதுவே காருக்கும் காலாயிற்று. தொடக்கத்தில் டயர்கள் கறுப்பல்ல. பாலின் வெளிர் நிறமும் அதனுடன் கலந்த துத்தநாக ஆக்சைடும் சேர்ந்து வெண்மை தந்தன. புகைக்கரி சேர்த்தால் தேய்மானம் குறையும் என்பது நடைமுறைக்கு வந்த பின்னரே, 1910ஐ அடுத்த ஆண்டுகளில், டயர் கறுத்தது. மிகப் பழைய வண்டிக்கு அன்பர்கள் இன்று வெள்ளை டயர் பூட்டுவது வெறும் அலங்காரம் அன்று, அதுவே மரபு.

போர்டு நிறுவனத்தின் ‘டி’ வகைக் கார் 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் வெளிவந்தது. ஒவ்வொன்றுக்கும் நான்கு டயர். அவையும் ஓராண்டு ஈராண்டில் தேய்ந்துபோகும். ரப்பர் பசிக்கு எல்லை ஏது? 1910 ஏப்ரலில் இலண்டன் சந்தையில் ஒரு ராத்தல் 12 ஷில்லிங் 9 பென்சுக்கு விற்றது. நம் வட்டாரத்துக் காடுகள் தோட்டங்களாக மாறியதும், தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் கப்பல் கப்பலாக வந்ததும் இந்தக் காலத்தில்தான். ஹென்றி போகோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர் பயிரிட்டார். 1917இல் தென்னமரம் தோட்டத்தில் இந்நாட்டின் முதல் வாணிக எண்ணெய்ப்பனையை நட்டவரும் அவரே. மலாயாவைப் பற்றி அவர் எழுதிய நாவல் பிரான்சின் கொன்கூர் பரிசு பெற்ற ஆண்டும் 1930!

ஆனால் அவ்வாண்டு தொழிலாளிக்குப் பரிசு தரவில்லை. கார் விற்பனை சரிந்தது. ரப்பர் விலையும் உடன் சரிந்தது. 1932இல் ராத்தல் இரண்டு பென்சுக்கும் கீழே போயிற்று. ஒரு ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்ஸ் என்று மாணவர்களைக் கணக்கிடச் சொன்னேன். 153 பென்ஸ் விற்ற பொருள் இரண்டுக்கும் குறைந்ததைக் கண்டதும் வகுப்பே அமைதியாயிற்று. கூலி குறைந்தது. வேலையிழந்து இந்தியாவுக்குத் திருப்பியனுப்பப்பட்டோர் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர். கார் அன்பர்க்கு நேர்த்தி முடிந்த ஆண்டு, நம்மவர்க்கு மூட்டை கட்டத் தொடங்கிய ஆண்டு.

எஞ்சியோர் வாழ்விலும் கார் இருந்தது. துரையின் காராக இருந்தது. கைப்பிடி சுழற்றி அதைக் கிளப்பியவரும், ரேடியேட்டருக்கு நீர் வார்த்தவரும், சேற்றில் புதைந்தால் தள்ளியவரும் நம்மவரே. எந்தக் காட்சி அட்டையிலும் அவர் பெயர் இல்லை. தோட்டத்துச் சாலையில் துரை எதிர்ப்பட்டால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் எழுந்தபோது, கூலி உயர்வோடு இந்தக் கட்டாயமும் ஒழிய வேண்டும் என்பது கோரிக்கைகளுள் ஒன்று. தலைமை தாங்கிய ஆர். எச். நாதன் சிறைப்பட்டு நாடு கடத்தப்பட்டார், படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர். டயரைத் தந்தவன் டயருக்கு வழிவிட்டு இறங்கி நின்ற காலம் அது.

மறு ஆண்டே ஜப்பானியர் மலாயாவைக் கைப்பற்றினர். நேச நாடுகளுக்கு ரப்பர் வரும் வழி பெரும்பாலும் அடைபட்டது. அமெரிக்கா போர்க்காலத்தில் முதன்முதலாகப் பங்கீடு செய்த பொருள் டயர்தான். அங்கே பெட்ரோலைப் பங்கிட்டதன் முதன்மை நோக்கமும் டயர் தேயாமல் காப்பதே. இங்கே, பால் வெட்டிய கைகள் சயாம் மரண இரயில்பாதைக்குப் போயின.

மெலாவத்தியிலிருந்து திரும்பிய பின் ஐந்தாம் வகுப்புக்கு ‘எங்கள் தோட்டத்துக் கார்’ என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்தேன். பாட்டன் பாட்டியரைக் கேட்டு எழுதி வரும்படி சொன்னேன். பலர் கிராணியாரின் மாரிஸ் மைனரை எழுதினர். 1948க்குப் பின் வந்த அந்த வண்டி வின்டேஜ் கணக்கில் சேராது. பிள்ளைகளுக்கு அந்தக் கவலை இல்லை. ஒரு சிறுமி மட்டும் காரின் பெயரே எழுதவில்லை. தன் கொள்ளுத்தாத்தா ஆரன் சத்தம் கேட்டதும் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு கானில் இறங்கிவிடுவாராம். நிறம் கேட்டால் அவருக்குத் தெரியாதாம், தலையை நிமிர்த்திப் பார்த்ததில்லையாம்.