புளோரிடா: கடல் ஏற்றமும் சூரிய சக்தியும்

புளோரிடா, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்கிழக்குக் கோடியில், ஒருபுறம் அட்லாண்டிக் சமுத்திரமும் மறுபுறம் மெக்சிகோ வளைகுடாவும் சூழ நீண்டு கிடக்கும் தீபகற்ப மாநிலம். 1821-ல் ஸ்பெயினிடமிருந்து அமெரிக்கர் வசமாகி, 1845-ல் மாநில அந்தஸ்துப் பெற்ற இப்பிரதேசத்தின் மிக உயர்ந்த இடமாகிய பிரிட்டன் குன்றும் கடல் மட்டத்துக்கு மேல் 105 மீட்டரே ஆகும். ஐம்பது மாநிலங்களில் இத்துணைத் தாழ்ந்த சிகரத்தை உடையது வேறொன்று இல்லை. கடல் ஏறிவருவதால் விளையும் துன்பங்களுக்கு நிவாரணம் தேடிப் பொக்கிஷத்தைத் திறந்துவிட்டுக்கொண்டே அவற்றின் மூலகாரணத்தைப் பற்றிப் பேச மறுத்ததிலும், வருஷம் முழுவதும் காயும் வெயிலை மின்சாரமாக்கி விற்கும் உரிமை யாருடையது என்னும் வழக்கை வாக்குச்சாவடி வரை கொண்டு சென்றதிலும் இம்மாநிலத்தின் சரித்திரம் மற்றவற்றினின்றும் வேறுபட்டது.

தென் புளோரிடாவின் அடித்தளம் சுண்ணாம்புப் பாறை. தேன்கூட்டைப் போலத் துளைகள் மலிந்த இப்பாறையின் வழியே நீர் தங்குதடையின்றிச் சஞ்சரிப்பதால், ஹாலந்து தேசத்தார் செய்வது போலக் கரையோரம் அணை எழுப்பிக் கடலைத் தடுத்துவிடலாம் என்னும் நம்பிக்கை இங்கே செல்லாது. மதிலுக்கு மேலே வராத நீர் மதிலுக்கு அடியே வந்து தெருவின் நடுவில் ஊறும். மழைநீரும் இதே பாறையில்தான் தங்குகிறது. பிஸ்கேன் நீர்த்தேக்கம் எனப்படும் இந்நிலத்தடி நீரே மயாமி நகரத்தாரின் குடிநீர். நன்னீரின் பாரம் கடல்நீரை எதிர்த்து நிற்கும் வரையில் கிணறு இனிக்கும். அப்பாரம் குறைந்தாலும், கடல் உயர்ந்தாலும், உப்பு உள்நாட்டை நோக்கி நகரும்.

இவ்வுண்மையை அறியாமலோ, அறிந்தும் பொருட்படுத்தாமலோ, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து அங்குள்ளோர் செய்த காரியம் நீரை வடித்து நிலத்தை விற்பதாகவே இருந்தது. 1881-ல் ஹாமில்டன் டிஸ்டன் என்னும் பிலடெல்பியா நகரத்து முதலாளி, ஏக்கர் ஒன்றுக்கு 25 சென்ட் வீதம் 40 லட்சம் ஏக்கர் சதுப்பு நிலத்தை மாநிலத்திடமிருந்து வாங்கி வாய்க்கால் வெட்டத் தொடங்கினார். நெப்போலியன் போனபார்ட் பிராவர்டு என்னும் கம்பீரமான பெயர் படைத்த கவர்னர், எவர்கிளேட்ஸ் சதுப்புவெளி முழுவதையும் வறளச் செய்வேன் என்ற வாக்குறுதியோடு 1905-ல் பதவியேற்றார். ஹென்றி பிளாக்லர் அமைத்த ரயில்பாதை 1896-ல் மயாமியை அடைந்து, 1912-ல் தீவுகளின் மேல் தாவித் தாவிக் கீ வெஸ்ட் வரை சென்றது. காரல் பிஷர் என்பவர் பிஸ்கேன் விரிகுடாவின் அடிமணலை வாரிக் கொட்டி, கண்டல் மரக்காடாக இருந்த மணல்திட்டை 'மயாமி பீச்' என்னும் உல்லாச நகரமாக மாற்றினார். இன்று கடல் புகுகிறது என்று அங்கலாய்க்கப்படும் தெருக்களுட் பல, நூறு வருஷங்களுக்கு முன் கடலாகவோ கண்டலாகவோ இருந்தவை என்பதை வாசகர்கள் நினைவிற் கொள்வது நலம்.

எச்சரிக்கைகள் இல்லாமற் போகவில்லை. 1926-ல் வீசிய சூறாவளி மயாமியை நிர்மூலமாக்கிற்று. 1928-ல் ஓகீச்சோபி ஏரியின் கரை உடைந்து, குறைந்தது 2,500 பேர், பெரும்பாலோர் கறுப்பினப் பண்ணைத் தொழிலாளர்கள், மாண்டனர். 1935-ன் சூறாவளி பிளாக்லரின் கடல்வழி ரயில்பாதையை அழித்தது. வெட்டிய வாய்க்கால்களின் வழியே கடல்நீர் உள்ளேறி மயாமியின் கிணறுகள் உப்பாகத் தொடங்கவே, 1940-களில் அவ்வாய்க்கால்களுக்குக் கதவணைகள் அமைக்க நேர்ந்தது. மார்ஜரி ஸ்டோன்மன் டக்ளஸ் அம்மையார் எவர்கிளேட்ஸைப் புல்லினூடே பாயும் நதியென வருணித்துத் தம் பிரசித்தி பெற்ற நூலை வெளியிட்டதும், ஜனாதிபதி ட்ரூமன் அங்கே தேசியப் பூங்காவைத் திறந்துவைத்ததும் ஒரே ஆண்டில், 1947-ல், நிகழ்ந்தன. ஆயினும் மறு ஆண்டே மத்திய சர்க்கார் தென் புளோரிடா முழுவதற்கும் புதிய வெள்ளத் தடுப்புத் திட்டத்துக்கு அனுமதி வழங்கிற்று. அத்திட்டத்தின் கதவணைகள், உள்நாட்டு நீர் கடலைவிட உயர்ந்திருக்கும்போது தாமே வடியும்படி அமைந்தவை. கடல் உயர உயர அவ்வுயர வித்தியாசம் சுருங்குவதால், ஓத காலத்தில் கதவைத் திறக்க இயலாமல், எந்திரங்களைக் கொண்டு நீரை இறைக்க வேண்டிய நிலை இப்போது ஏற்பட்டுள்ளது.

சூரிய சக்தியின் சரித்திரம் இங்கே பலரும் எண்ணுவதைவிட மிகப் பழமையானது. கலிபோர்னியாவில் 1909-ஆம் ஆண்டு வில்லியம் பெய்லி கண்டுபிடித்த 'பகலும் இரவும்' என்னும் வெந்நீர்ச் சாதனத்தின் உரிமை 1920-களில் மயாமிக்கு வந்தது. கண்ணாடி மூடிய பெட்டிக்குள் கறுப்பு வர்ணம் பூசிய தாமிரக் குழாய்ச் சுருளை வைத்து, அதற்கு மேலே தொட்டியை அமைத்தால், காய்ந்த நீர் இலேசாகித் தானே மேலேறிச் சேர்ந்து இரவிலும் சூடு ஆறாமல் இருக்கும் என்பதே அதன் தத்துவம். பம்பு வேண்டாம், எரிபொருள் வேண்டாம். தொழில் அமோகமாகச் செழித்தது. 1941-ஆம் ஆண்டளவில் மயாமி ஜனத்தொகையில் பாதிக்கு மேற்பட்டோர் வெயிலில் காய்ந்த வெந்நீரையே உபயோகித்தனர் என மதிப்பிடுவர். அதன் பிறகு யுத்தம் வந்தது. தாமிரம் ராணுவத்துக்கென ஒதுக்கப்பட்டது. யுத்தம் முடிந்தபோது தாமிரத்தின் விலையும் கூலியும் ஏறியிருக்க, மின்சாரத்தின் விலை இறங்கிக்கொண்டே சென்றது. புளோரிடா பவர் அண்ட் லைட் என்னும் மின்சாரக் கம்பெனி மின்சார வெந்நீர்க் கொதிகலன்களை ஊக்குவித்தது. பழைய தொட்டிகள் கசிந்தபோது அவற்றைப் பழுதுபார்க்க ஒருவரும் முன்வரவில்லை. சூரியன் தோற்றது விஞ்ஞானத்தில் அன்று, விலையில்.

குளிர்சாதனத்தின் வரவால் ஜனங்கள் திரள் திரளாகக் குடியேறினர். 1950-ல் சுமார் 28 லட்சமாக இருந்த ஜனத்தொகை 2020-ல் 2 கோடியே 15 லட்சமாயிற்று. 1970-ல் 'சூரிய ஒளி மாநிலம்' என்னும் பட்டத்தைச் சட்டசபை அதிகாரபூர்வமாகச் சூட்டிக்கொண்டது. எண்ணெய் நெருக்கடிக்குப் பின், 1975-ல், சூரிய சக்தி ஆராய்ச்சி நிலையம் ஒன்றையும் ஸ்தாபித்தது. ஆனால் 1988-ல் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, ஒரே ஒரு வாடிக்கைக்காரருக்கு மின்சாரம் விற்பவரும் பொது மின்சாரக் கம்பெனியே ஆவார் என்று கூறிவிடவே, ஒருவர் வீட்டுக் கூரையில் மற்றொருவர் சூரிய மின்தகடு பொருத்தி அம்மின்சாரத்தை வீட்டுக்காரருக்கு விற்கும் மார்க்கம் அடைபட்டது. பிற்காலத்து வழக்குகளுக்கெல்லாம் வித்து இத்தீர்ப்பே.

1992 ஆகஸ்டில் வீசிய ஆண்ட்ரூ சூறாவளி, மாநிலத்தின் வீடுகளோடு இன்ஷூரன்ஸ் வியாபாரத்தையும் தகர்த்தது. பல கம்பெனிகள் திவாலாயின. 2002-ல் மாநிலம் முழுவதற்கும் பொதுவான கட்டட விதிகள் அமுலுக்கு வந்ததோடு, தனியார் கைவிட்ட வீடுகளுக்கு இன்ஷூரன்ஸ் அளிக்க 'சிட்டிசன்ஸ்' என்னும் ஸ்தாபனத்தை அரசே தோற்றுவித்தது. கடைசிப் புகலிடமாக எண்ணப்பட்ட அந்த ஸ்தாபனத்தில் 2022-ஆம் ஆண்டு பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பாலிசிகள் சேர்ந்திருந்தன என்பது, கடலைப் பற்றி எந்த அரசியல்வாதியின் பிரசங்கத்தையும்விடத் தெளிவாகப் பேசும் கணக்கு.

கீ வெஸ்ட் துறைமுகத்தில் 1913 முதல் பதிவாகிவரும் அளவுகளின்படி கடல் ஆண்டொன்றுக்குச் சராசரி 2.5 மில்லிமீட்டர் அளவில் உயர்ந்துள்ளது. அண்மைக் காலத்தில் வேகம் இதனினும் கூடியிருக்கிறது. இலையுதிர் காலத்துப் பௌர்ணமி, அமாவாசை நாட்களில் எழும் பெருவோதத்தின்போது, வானத்தில் மேகமே இல்லாத நண்பகலிலும் மயாமி பீச்சின் சாக்கடைத் துவாரங்களின் வழியே கடல்நீர் தெருவுக்கு ஏறும். 2013-ல் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பிலிப் லெவீன், பம்புகளை நிறுவியும் தாழ்ந்த வீதிகளை உயர்த்தியும் நூற்றுக்கணக்கான மில்லியன் டாலர் செலவில் வேலைகளைத் தொடங்கினார். வீதி உயர்ந்தது, கடைகளின் வாசல் உயரவில்லை. புதிய வீதிக்குக் கீழே பள்ளத்தில் அகப்பட்ட ஓர் உணவு விடுதியில் நீர் புகுந்தபோது, அது தெருமட்டத்துக்குக் கீழ்ப்பட்ட நிலவறையாகிவிட்டது என்று கூறி இன்ஷூரன்ஸ் தொகை மறுக்கப்பட்ட விந்தையும் நிகழ்ந்தது.

அரசியலில் இவ்விஷயம் எப்போதும் கட்சிச் சண்டையாக இருந்ததில்லை. குடியரசுக் கட்சியைச் சேர்ந்த கவர்னர் சார்லி கிரிஸ்ட், 2007 ஜூலையில் மயாமியில் தட்பவெப்ப மாற்றம் பற்றிய மகாநாட்டைக் கூட்டி, கரியமில வாயுவைக் குறைக்கும் உத்தரவுகளில் கையெழுத்திட்டார். 2010 ஜனவரியில் மயாமி-டேட், பிராவர்டு, பாம் பீச், மன்றோ ஆகிய நான்கு தென்கிழக்கு மாவட்டங்கள், கட்சி பேதம் பாராமல், கடல் ஏற்றத்துக்கு ஒரே மதிப்பீட்டை வைத்துத் திட்டமிடுவதென உடன்படிக்கை செய்துகொண்டன. இவ்வுடன்படிக்கையே இச்சரித்திரத்தில் ஆக்கமுள்ள அத்தியாயம் என்பது நமது அபிப்பிராயம். ஆனால் தலைநகரமாகிய டாலஹாசியில் காற்று திசை மாறியது. கிரிஸ்டுக்குப் பின் வந்த ரிக் ஸ்காட், தாம் விஞ்ஞானி அல்லர் என்ற பதிலோடு கேள்விகளைத் தட்டிக் கழித்தார். 2014-ல் ஐந்து விஞ்ஞானிகள் அவரைச் சந்தித்து விளக்கக் கிடைத்த அவகாசம் அரைமணி நேரம். சுற்றுச்சூழல் இலாகா ஊழியர்கள் தட்பவெப்ப மாற்றம் என்ற சொல்லையே எழுதக்கூடாதென வாய்மொழியாக எச்சரிக்கப்பட்டதாக 2015-ல் பத்திரிகைச் செய்தி வெளியாயிற்று. கவர்னர் அதை மறுத்தார்.

2016-ல் நடந்த வாக்கெடுப்பு தனித்த கவனத்துக்குரியது. வெயிலை விற்கும் உரிமையைக் கம்பெனிகளிடமிருந்து மீட்க, சுற்றுச்சூழல் இயக்கத்தாரும், சர்க்கார் தலையீட்டை வெறுக்கும் டீ பார்ட்டி இயக்கத்தாரும் கைகோத்து 2015-ல் மாநில அரசியல் சட்டத்துக்கு ஒரு திருத்தத்தை முன்வைத்தனர்; கையொப்பங்கள் போதாமல் அம்முயற்சி தடைப்பட்டது. அதற்கு எதிராக மின்சாரக் கம்பெனிகள் 2 கோடி டாலருக்கு மேல் செலவிட்டு மற்றொரு திருத்தத்தை வாக்குச்சீட்டில் ஏற்றின. சூரிய மின்தகடு வைத்துக்கொள்ளும் உரிமையை அரசியல் சட்டத்தில் பொறிப்பதாக அது இனிமையாகத் தொடங்கும். அவ்வுரிமை முன்னரே உள்ளது. தகடு இல்லாதவர்கள் தகடு வைத்தவர்களுக்காகச் சுமை தாங்கலாகாது என்னும் அடுத்த வாசகத்தில்தான் காரியம் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு பின்னர்க் கட்டணம் விதிக்க இயலும். தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு, இத்திருத்தத்தின் தந்திரத்தை ஆதரவாளர் ஒருவர் மெச்சிப் பேசிய ஒலிப்பதிவு வெளியாகவே ஜனங்கள் விழித்துக்கொண்டனர். வேண்டியது 60 சதவீதம், கிடைத்தது 50.8. அதே ஆண்டு ஆகஸ்டில், சூரிய சாதனங்களுக்குச் சொத்து வரிவிலக்கு அளிக்கும் வேறொரு திருத்தம் 70 சதவீதத்துக்கு மேல் வாக்குப் பெற்று நிறைவேறியிருந்தது.

தோல்வி கம்பெனிகளின் புத்தியை மாற்றியது என்பதைவிட, வழியை மாற்றியது என்பதே பொருந்தும். தகடுகளின் விலை வீழ்ந்தவுடன் அக்கம்பெனிகளே சூரியனின் பக்தர்களாயின. 2009-ல் ஜனாதிபதி ஒபாமா பார்வையிட்ட டிசோட்டோ நிலையம், 25 மெகாவாட் அளவில், அப்போது நாட்டிலேயே பெரியதாக இருந்தது. 2019-ல் புளோரிடா பவர் அண்ட் லைட், 2030-க்குள் 3 கோடி தகடுகள் நிறுவப்போவதாக அறிவித்தது. இன்று சூரிய மின்சார நிலையங்களின் கொள்ளளவில் நாட்டின் முன்னணி மாநிலங்களுள் புளோரிடாவும் ஒன்று. அத்தகடுகளில் மிகப் பெரும்பாலானவை குடிகளின் கூரைகளில் அல்ல, கம்பெனிகளின் வயல்களில் உள்ளன. வீட்டுக்காரர் மிச்சப்படும் மின்சாரத்தைக் கம்பெனிக்குத் தந்து கட்டணத்தில் கழித்துக்கொள்ளும் 'நெட் மீட்டரிங்' முறையைக் குறைக்கும் மசோதா 2022-ல் சட்டசபையில் நிறைவேறியபோது, ஜனங்களின் செலவு கூடும் என்று சொல்லிக் கவர்னர் ரான் டிசாண்டிஸ் அதை நிராகரித்தார். கொள்கைக்காக அன்று, மின்கட்டணச் சீட்டுக்காக ஒரு நல்ல காரியம் நடந்தது, நடந்தவரை நன்று.

அதே கவர்னர் 2021-ல் 'ரெசிலியன்ட் புளோரிடா' என்னும் திட்டத்தைத் தொடங்கி, வெள்ளத் தடுப்புக்கு நூறு கோடி டாலருக்கு மேல் வழங்கினார். 2024 மே மாதத்திலோ, மாநிலச் சட்டங்களில் தட்பவெப்ப மாற்றம் பற்றி வரும் குறிப்புகளில் பெரும்பாலானவற்றை நீக்கி, கடலில் காற்றாலைகளைத் தடுத்து, இயற்கை எரிவாயுக் குழாய்களின் கட்டுப்பாடுகளைத் தளர்த்தும் சட்டத்தில் கையெழுத்திட்டார். இவ்விரண்டிடையே 2022 செப்டம்பர் 28-ல் இயான் சூறாவளி போர்ட் மயர்ஸ் பகுதியைத் தாக்கி, சுமார் 150 பேரைப் பலிகொண்டது. அதற்கு அருகே, முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரர் சிட் கிட்சன் சூரிய மின்வயலோடும் பூமிக்கடியில் பதித்த மின்கம்பிகளோடும் அமைத்த பாப்காக் ராஞ்ச் என்னும் புதிய ஊரில் மட்டும் விளக்குகள் அணையவில்லை.

கடல் ஏற்றத்தின் பலன் எல்லோர் மீதும் ஒரே விதமாக விழுவதில்லை. கறுப்பினத்தாருக்குக் கடற்கரை மறுக்கப்பட்ட காலத்தில் ரயில்பாதையோரம் உள்நாட்டு மேட்டில் ஒதுக்கப்பட்ட லிபர்ட்டி சிட்டி முதலிய பேட்டைகளும், பின்னாளில் ஹைட்டியர் குடியேறிய லிட்டில் ஹைட்டியும், கடற்கரையைவிடச் சில அடி உயர்ந்த பாறை மேட்டில் இருப்பதால், இன்று நிலவியாபாரிகளின் கண் அங்கே திரும்பியுள்ளது. வாடகை ஏறி, நெடுநாளாகக் குடியிருப்போர் பெயர நேர்கிறது. கீ லார்கோ தீவில் மட்டுமே அமெரிக்க மண்ணில் வளர்ந்துவந்த ஒருவகை மரக்கள்ளி, உப்பு நீரேற்றத்தால் அங்கே அற்றுப்போனதாக 2024 ஜூலையில் ஆராய்ச்சியாளர் அறிவித்தனர். கடல் ஏற்றத்தால் ஓர் உயிரினம் அந்நாட்டில் உள்ளூரளவில் மறைந்ததாகப் பதிவான முதல் சம்பவம் அதுவே.

இத்தனை வெயிலும் இத்தனை தகடுகளும் இருந்தும், இம்மாநிலத்தில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு இயற்கை எரிவாயுவிலிருந்தே கிடைக்கிறது; அவ்வெரிவாயு பெரும்பாலும் வெளிமாநிலங்களிலிருந்து குழாய்களின் வழியே வருகிறது.