ஆழ்வான் ஒளிப்படக்கலை (பழவேற்காடு)

ஆழ்வான் ஒளிப்படக்கலை என்பது, சூரிய குடும்பத்துக்கு அப்பாலுள்ள நெபுலாக்கள், நட்சத்திரக் கொத்துகள், அண்டங்கள் ஆகியவற்றின் மங்கிய ஒளியை நெடுநேரம் சேர்த்துப் படமாக்கும் கலையாகும். அமெரிக்கரான ஹென்றி டிரேப்பர் 1880 செப்டம்பர் 30 அன்று ஓரியன் நெபுலாவை முதன்முதலாகப் படம்பிடித்த காலந்தொட்டு இதன் மூலதனம் பொறுமையே. ஆகவே, இக்கலையைச் சில வருஷம் கைவிட்டிருந்தவர், 2003-இல் வெளிவந்த கேனன் 300டி போன்ற பழைய காமிராவோடு மீண்டும் தொடங்குவதில் பிழையொன்றுமில்லை.

சென்னைக்கு வடக்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவில், ஏரிக்கும் வங்கக்கடலுக்கும் நடுவே அமைந்த பழவேற்காட்டு மீனவக் குப்பங்களில், தெற்கே எண்ணூர், காட்டுப்பள்ளி, சென்னை ஆகியவற்றின் விளக்கொளி அடிவானத்தை வெளிறச் செய்தாலும், கிழக்கே கடல்மேல் இருள் பெரிதும் நிலைத்திருக்கிறது. எனவே, தெற்கில் 29 பாகைக்கு மேல் எழாத ஒமேகா செண்டாரி நட்சத்திரக் கொத்தைவிட, கடலிலிருந்து உதித்து உச்சியை நெருங்கும் கார்த்திகைக் கூட்டமும் ஓரியனுமே இங்கு உசிதமானவை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஜனவரி முதல் இதற்கேற்ற காலம்.

நட்சத்திரங்களின் நகர்வைப் பின்தொடரும் யந்திரம் இல்லாதவர், 50 மில்லிமீட்டர் லென்ஸில் ஆறு விநாடிக்கு மேல் திறந்துவைத்தால் புள்ளிகள் கோடுகளாகிவிடும். ஆயினும் ஆறு விநாடிப் படங்கள் 400-ஐக் கணினியில் அடுக்கிச் சராசரி கண்டால், 40 நிமிஷ ஒளி சேர்வதோடு, தாறுமாறான இரைச்சல் இருபதில் ஒரு பங்காகக் குறையும். நண்டு வலை எடுக்கப் போகும் தோணியின் டார்ச் வெளிச்சம் ஒரு படத்தில் விழுந்தால், அதை நீக்கிவிட்டு மற்ற 399-ஐக் கொண்டு காரியத்தை நடத்தலாம். அடுக்கும் மென்பொருள்கள் இடைக்காலத்தில் விருத்தியடைந்திருப்பதால், பழைய படங்களும் இன்று முன்னிலும் தெளிவாகத் துலங்கும்.

பழைய காமிராவின் குறைகள் இரண்டு. 656 நானோமீட்டரில் ஒளிரும் ஹைட்ரஜன் சிவப்பில் பெரும்பகுதியை அதன் வடிகட்டி தடுத்துவிடுவதால் ஓரியனின் செம்மை குன்றும். கார்த்திகையைச் சூழ்ந்த நீலத்துக்கு அத்தடையில்லை. உஷ்ணத்தால் தோன்றும் போலிப் புள்ளிகள் மற்றொன்று. கடற்கரையின் உப்புப்படலமும் தொல்லையே: அதை உலர்ந்த துணியால் துடைத்தால் லென்ஸில் கீறல் விழும்; முதலில் ஊதி, பின் நன்னீரில் லேசாக நனைத்த மென்துணியால் ஒற்றியெடுத்து, பூஞ்சை பிடிக்காதவாறு சிலிக்கா ஜெல்லுடன் மூடிவைத்தல் வேண்டும்.

போலிப் புள்ளிகளைக் கழிப்பதற்காக, லென்ஸை மூடி அதே விநாடிக் கணக்கில் இருட்படங்கள் இருபதேனும் எடுப்பது வழக்கம். காமிராவுக்குக் குளிரூட்டும் ஏற்பாடு இல்லாமையால், வீடு திரும்பி மின்விசிறியடியில் எடுக்கும் இருட்படங்கள் பயன்படா; தோணிகள் கரையேறும் விடியலுக்கு முன், அந்த மணலிலேயே, அந்த வெக்கையிலேயே எடுத்தாக வேண்டும்.