உலகக் கிண்ண வாயிலில் இலங்கை உதைபந்தாட்ட அணி

உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் 1930இல் வென்ற உருகுவே முதலாக 2022இல் வென்ற ஆர்ஜென்ரீனா ஈறாக, அக்கிண்ணத்தைக் கைக்கொண்ட எட்டு நாடுகளின் புகழையே எழுதி அமைவர். அஃது இயல்பே. ஆயின் அனைத்துலக உதைபந்தாட்டக் கூட்டமைப்பில் அங்கம் வகிக்கும் 211 சங்கங்களுள் நூற்றுக்கு மேற்பட்டவை இறுதிச் சுற்றில் ஒருமுறையேனும் ஆடியவையல்ல. அந்நாடுகளுக்கு உலகக் கிண்ணம் என்பது தகுதிகாண் ஆட்டமன்றிப் பிறிதில்லை. ஏனையோர் வாயிற்படி என்று கருதிக் கடந்து செல்வதே அவர்களுக்கு மாளிகை முழுவதுமாகும். இலங்கை அத்தகைய நாடுகளுள் ஒன்று. 1993 தொடக்கம் 2023 வரையுள்ள முப்பது ஆண்டுகளில் ஒன்பது முறை அவ்வாயிலைத் தட்டிய இலங்கை அணி, முடிவு நிலைபெற்ற 40 ஆட்டங்களை ஆடி, 3இல் வென்று, 7இற் சமநிலை எய்தி, 30இல் தோல்வி கண்டது. இவ்வெண்கள் பெருமை தருவன அல்ல. எனினும் அவற்றினுள்ளே ஒரு நாட்டின் கதை அடங்கிக் கிடக்கின்றது.

இத்தீவில் உதைபந்தாட்டம் புதிதாக வந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலப் படைவீரர் காலிமுகத் திடலில் ஆடிய ஆட்டம், சில ஆண்டுகளிலேயே கொழும்பின் சேரிகளுக்கும் பாடசாலைகளுக்கும் பரவிற்று. கிறிக்கெற் ஆடுதற்கு மட்டை வேண்டும், பொழுது வேண்டும், சமன்செய்த தரை வேண்டும். உதைபந்துக்கு ஒரு பந்தும் இருபதடி வெளியும் போதும். இதனாலன்றோ கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ், கொம்பனித்தெரு ஆகிய நெருக்கமான பகுதிகளிலும், யாழ்ப்பாணத்து நாவாந்துறை, குருநகர் போன்ற கரையோர ஊர்களிலும், மன்னாரிலும் இவ்வாட்டம் வேரூன்றியது! இன்று கொள்கலன்கள் அடுக்கப்பெற்றுள்ள ஒருகொடவத்தைப் பக்கத்திலும் மாலை வேளைகளில் எஞ்சிய வெளியைத் தேடிப் பந்துடன் திரியும் சிறுவரைக் காணலாம்.

1939இல் இலங்கை உதைபந்தாட்டச் சங்கம் அமைந்தது. 1952இல் அது அனைத்துலகக் கூட்டமைப்பிற் சேர்ந்தது. அதே ஆண்டில் இந்தியா, பாக்கிஸ்தான், பர்மா, இலங்கை என்னும் நான்கு நாடுகள் ஆடிய கொழும்புக் கிண்ணப் போட்டி இங்கே தொடங்கிற்று. பின்னர் ரங்கூன், கல்கத்தா, டாக்கா ஆகிய நகர்களில் 1955 வரை ஆண்டுதோறும் அது நடைபெற்றது. முதலாண்டிற் பாக்கிஸ்தானுடன் கிண்ணத்தைப் பகிர்ந்துகொண்ட இந்தியா, பின் மூன்றாண்டும் தனித்தே வென்றது. இந்திய அணி அக்காலத்தில் ஆசியாவின் முதல்வரிசையில் நின்ற அணி. 1951இல் ஆசிய விளையாட்டு விழாவில் தங்கம் பெற்று, 1956இல் மெல்பேண் ஒலிம்பிக்கில் நான்காம் இடத்தை எய்திய அணி அது. அத்தகைய அணியுடன் ஆண்டுதோறும் ஆடும் வாய்ப்பு இலங்கைக்குக் கிட்டியிருந்தது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

அங்ஙனமாயின், 1952இல் அங்கத்துவம் பெற்ற நாடு உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டமொன்றில் முதன்முதலாக இறங்கியது எப்பொழுது? 1993இல். இடையிற் கழிந்தன நாற்பத்தோராண்டுகள்! இந்தியாவின் கதையும் இதற்கு ஓரளவு ஒத்ததே. 1950இல் பிரேசில் செல்லும் தகுதி, எதிரணிகள் விலகியமையால் ஆடாமலே அந்நாட்டின் கையில் வந்து வீழ்ந்தது. அந்நாடோ செல்லவில்லை. தெற்காசியாவில் உதைபந்தாட்டத்தை நடத்தியோர் அந்நாளில் ஒலிம்பிக்கையே உச்சமெனக் கருதினர். உலகக் கிண்ணம் தொலைவிலுள்ள செல்வர் விழாவாகத் தோன்றியது. இலங்கையும் 1963இல் ஒலிம்பிக் தகுதிகாண் போட்டியில் இந்தியாவைச் சந்தித்து இரு ஆட்டங்களிலும் தோற்றது. உலகக் கிண்ணத்தை நாடவில்லை. அந்த நாற்பதாண்டுகளில் யப்பானும் கொரியாவும் கற்றபாடங்களை இலங்கை கற்கவில்லை என்பதே உண்மை.

கற்காமைக்குரிய கட்டணம் 1993இல் ஒரே முறையிற் செலுத்தப்பட்டது. யப்பான், ஐக்கிய அரபு இராச்சியம், தாய்லாந்து, வங்காளதேசம் ஆகியவற்றுடன் ஒரே பிரிவில் வைக்கப்பெற்ற இலங்கை, ஏப்ரில், மே மாதங்களில் முதலில் யப்பானிலும் பின்னர் துபாயிலும் எட்டு ஆட்டங்களை ஆடிற்று. எட்டிலும் தோல்வி. பெற்ற கோல்கள் 26, அடித்தது ஒன்றேனுமில்லை. வங்காளதேசம் அப்பிரிவில் ஈட்டிய இரு வெற்றிகளும் இலங்கைக்கு எதிரானவையே. அக்காலத்தில் ஆசியாக் கண்டம் முழுவதற்கும் இறுதிச் சுற்றில் இரண்டே இடங்கள் இருந்தன என்பதும், அவ்வாண்டு யப்பானே ஈற்றுநேரக் கோலொன்றினால் வாய்ப்பை இழந்தது என்பதும் ஓரளவு ஆறுதல் கூறலாம். எனினும் எட்டு ஆட்டங்களில் ஒரு கோலேனும் இல்லாமை எளிதில் மறக்கற்பாலதன்று.

மூன்றாண்டு கழித்து நிகழ்ந்தது நினைவிற்குரியது. 1996 மார்ச்சு 17இல் லாகூரில் இலங்கை கிறிக்கெற் அணி உலகக் கிண்ணத்தை வென்றது. முத்தையா முரளிதரனும் அவ்வணியில் ஆடினார். நாடு முழுவதும் வெடி கொளுத்திற்று. அதே ஆண்டு செப்டெம்பரில், வெடியோ கொடியோ இன்றி, உதைபந்தாட்ட அணி கற்றார் நாட்டின் தோகா நகருக்குச் சென்றது. கற்றாரிடம் 3–0 எனத் தோற்றது. ஆயின் இந்தியாவுடன் 1–1 எனச் சமன் செய்தது. பிலிப்பைன் அணியை 3–0 என வென்றது. உலகக் கிண்ணப் போட்டியில் இலங்கையின் முதற் கோல், முதற் புள்ளி, முதல் வெற்றி மூன்றும் அச்சில நாட்களில் அந்நகரிலேயே பிறந்தன. கொழும்புக் கிண்ணக் காலத்தில் எட்டாத உயரத்தில் நின்ற இந்தியாவும் இலங்கையும் அப்பிரிவின் முடிவில் நான்கு புள்ளிகளுடன் ஒரே படியில் நின்றன. லாகூர் வெற்றி ஒவ்வொரு பாடசாலைச் சிறுவனுக்கும் தெரியும். தோகாவை அறிந்தோர் சிலரே. பின்னதை முன்னதற்கு நிகரெனக் கூறுவார் யாருமிலர். ஆயினும் 26 கோல்களை வாங்கிய அணி மூன்றாண்டுக்குள் அந்நிலைக்கு உயர்ந்தது சிறு செயலன்று. அவ்வுயர்வுக்கு முன்னோடியாக 1995இல் கொழும்பில் நடைபெற்ற தெற்காசியக் கிண்ணப் போட்டியின் இறுதியாட்டத்தில், மேலதிக நேரத்தில் அடித்த பொற் கோலினால் இந்தியாவை 1–0 என வென்று அக்கிண்ணத்தையும் இலங்கை பெற்றிருந்தது. உலகத் தரவரிசையில் இலங்கை எட்டிய மிக உயர்ந்த இடமாகிய 122 என்பதும் 1998இற்குரியதே. ஆகவே 1995 தொடங்கிப் பத்தாண்டுகளை இவ்வணியின் நற்காலம் என்று கொள்வதில் தவறில்லை.

அந்நற்காலத்தின் எஞ்சிய பகுதியைச் சுருங்கக் கூறலாம். 2001இல் தாய்லாந்து, லெபனான் இரண்டிடமும் நான்கு ஆட்டங்களிலும் தோற்ற இலங்கை, பாக்கிஸ்தானை ஒருமுறை 3–1 என வென்று, ஒருமுறை 3–3 எனச் சமன் செய்தது. 2003இன் இறுதியில் லாவோசுடன் வியன்ரியானில் கோலின்றிச் சமன் செய்து, கொழும்பில் 3–0 என வென்று, முதன்முறையாக ஒரு சுற்றைத் தாண்டியது. 2004இல் இந்தோனேசியாவும் துருக்மெனித்தானும் கொழும்புக்கு வந்து 2–2 என்ற முடிவுடன் திரும்பின. மூன்று உலகக் கிண்ணங்களில் அடுத்தடுத்து ஆடியிருந்த சவூதி அரேபியா இங்கே 1–0 என்றுதான் வெல்ல முடிந்தது. அந்நாள் ஆட்டக்காரருள் கசுன் ஜயசூரிய, நாட்டுக்காக மிகுதியான கோல்களை அடித்தவரெனப் பெயர் பெற்றார்.

ஆடுகளத்தில் இலங்கை ஈட்டிய மூன்று வெற்றிகளும் இங்கே முடிவடைகின்றன: பிலிப்பைன், பாக்கிஸ்தான், லாவோசு. மூன்றிலும் இலங்கை மூன்று கோல்களே அடித்தது என்பது வியப்புக்குரிய ஒற்றுமை. 2003 டிசெம்பரின் பின் ஒரு வெற்றியுமில்லை.

இதற்குக் காரணம் ஆட்டக்காரரின் ஆற்றல் ஒருங்கே குன்றியமை என்று கூறிவிடுதல் எளிது. ஆயின் போட்டியின் அமைப்பையும் நோக்குதல் வேண்டும். 1993இற் பிரிவு முறையில் எட்டு ஆட்டங்கள் கிடைத்தன, 2001இல் ஆறு. தரவரிசையிற் பின்தங்கிய நாடுகளை இருவர் இருவராக முன்சுற்றில் மோதவிடும் முறை வந்த பின், நான்காண்டுக் காத்திருப்பு 180 நிமிடங்களில் முடிந்துவிடுவதாயிற்று. ஆட்டம் குறைந்தால் தரவரிசை தாழும். தரவரிசை தாழ்ந்தால் மீண்டும் முன்சுற்றே. இவ்வளையத்தினுட் சிக்கிய நாடு வெளிவருதல் அரிது. 2007இற் கற்றாரிடம் கொழும்பில் 1–0, தோகாவில் 5–0 எனத் தோற்றதுடன் கதை முடிந்தது. 2011இல் பிலிப்பைன் கொழும்பில் 1–1 எனச் சமன் செய்து, மணிலாவில் 4–0 என வென்றது. பதினைந்தாண்டுக்கு முன் 3–0 எனத் தோற்ற அதே பிலிப்பைன்! இடைக்காலத்தில் அந்நாடு ஐரோப்பாவிற் பிறந்து வளர்ந்த தன் மரபினரைத் தேடியழைத்து அணியை மாற்றியமைத்திருந்தது. இலங்கை அவ்வழியைப் பின்னரே கண்டது.

போரையும் மறத்தலாகாது. 1983 முதல் 2009 வரை வடக்கும் கிழக்கும் கொழும்பிலிருந்து பெரும்பாலும் துண்டிக்கப்பட்டிருந்தன. உதைபந்தாட்டத்தை உயிரெனக் கொண்ட கடற்கரை ஊர்களின் இளைஞர் தேசியத் தெரிவுக்கு வருதல் அரிதாயிருந்த காலம் அது. அவ்வூர்கள் நாட்டுக்குத் தந்திருக்கக்கூடியது எவ்வளவு என்பதை எண்களாற் கூறவியலாது. மன்னாரிலிருந்து வந்து தேசிய அணியில் ஆடி, 2022இல் மாலைதீவில் இளமையிலேயே மறைந்த டக்சன் பியூஸ்லஸ் போன்றோர் ஒரு குறிப்பை மட்டும் தருகின்றனர்.

2015 மார்ச்சில் வந்தது பூட்டான். அப்பொழுது உலகத் தரவரிசையில் ஈற்றிடமாகிய 209இல் நின்ற நாடு அது. அதற்குமுன் உலகக் கிண்ணப் போட்டியிற் பங்குபற்றாத நாடு. கொழும்பு சுகததாச அரங்கில், ஆட்டம் கோலின்றி முடியுமெனப் பலரும் எண்ணியிருந்த வேளையில், 84ஆம் நிமிடத்தில் செரிங் டோர்ஜி அடித்த கோல் 1–0 எனப் பூட்டானுக்கு வெற்றி தந்தது. மறு ஆட்டம் மார்ச்சு 17இல், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,300 மீற்றர் உயரத்திலுள்ள திம்புவில். லாகூர் வெற்றியின் பத்தொன்பதாம் ஆண்டு நிறைவு நாள் அது என்பதை அன்று யாரும் எண்ணியிருக்கமாட்டார். ஐந்தாம் நிமிடத்திலேயே செஞ்சோ கியெல்ற்சென் கோல் அடித்தார். இடைவேளைக்கு முன் சர்வான் ஜோகர் அதனைச் சமன் செய்தார். அதன்பின் இலங்கைக்கு இன்னும் ஒரே ஒரு கோல் போதுமானதாயிருந்தது. மொத்தம் 2–2 ஆகியிருப்பின், எதிரியின் மண்ணில் அடித்த கோல்கள் மிகுந்தமையால் இலங்கையே முன்சென்றிருக்கும். அக்கோல் வரவில்லை. 90ஆம் நிமிடத்தில் செஞ்சோவே மீண்டும் அடித்தார். உலகப் பத்திரிகைகள் பூட்டானின் வியத்தகு வெற்றியைப் பாராட்டி எழுதின, அது தகும். தோற்றவரைப் பற்றி எழுதியோர் சிலரே.

2019ஆம் ஆண்டின் நிகழ்ச்சி வேறொரு வகையிற் கசப்பானது. ஏப்ரில் 21, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயம் உள்ளிட்ட இடங்களிற் குண்டுகள் வெடித்தன. உதைபந்தாட்டத்தைப் பேணிவளர்த்த கொட்டாஞ்சேனை மக்கள் தம் உறவினரைப் புதைத்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. யூன் மாதம் மக்காவிடம் முதல் ஆட்டத்தில் இலங்கை 1–0 எனத் தோற்றது. மறு ஆட்டத்துக்குக் கொழும்பு வருவதற்கு மக்காவுச் சங்கம் மறுத்தது. ஆட விரும்பிய அந்நாட்டு ஆட்டக்காரரே அம்முடிவை வெளிப்படையாக எதிர்த்தனர். கூட்டமைப்பு அவ்வாட்டத்தை 3–0 என இலங்கைக்கு வழங்கிற்று. நான்காவது முறையாகவும் மூன்று கோல்கள். ஆயின் பந்தை எவரும் உதைக்காத கோல்கள்.

அவ்வாறு கிட்டிய இரண்டாம் சுற்றில் இலங்கை தென்கொரியாவைச் சந்தித்தது. 2019 ஒக்டோபரில் குவாசொங் நகரில் சொன் ஹியுங்-மின் முதலானோர் ஆடிய அணியிடம் 8–0 எனத் தோல்வி. வடகொரியா இடையில் விலகியமையால் அதனுடனான ஆட்டம் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது. எஞ்சிய ஆறிலும் தோல்வி. வாங்கியவை 23, அடித்தவை 2. அவ்விரண்டும் 2021 யூனில் கோயாங் நகரில், லெபனானுடன் 3–2 எனத் தோற்ற ஆட்டத்தில் வந்தவை. யேர்மனியிற் பிறந்து வளர்ந்த அகமது வசீம் ராசீக்கே இரண்டையும் அடித்தார். பிலிப்பைன் காட்டிய வழியில் இலங்கை கால்வைத்தமைக்கு அவ்விரு கோல்களும் முதற் பயன் எனலாம்.

ஆயின் உட்பகை ஓய்ந்தபாடில்லை. நிருவாகத்தில் வெளியார் தலையிட்டனர் எனக் கூறி, 2023 சனவரியில் அனைத்துலகக் கூட்டமைப்பு இலங்கைச் சங்கத்தை இடைநிறுத்திற்று. ஓகத்திலேயே தடை நீங்கியது. ஏழு மாதங்கள் ஓர் அனைத்துலக ஆட்டமுமின்றி இருந்த அணி, ஒக்டோபரில் யேமனைச் சந்திக்க நேர்ந்தது. மைதானத்தில் ஓடுவோர் ஒருவர். மைதானத்துக்கு வெளியே வழக்காடுவோர் வேறொருவர். தண்டனை மட்டும் ஓடுவோர்க்கே என்பது இந்நாட்டு விளையாட்டுத்துறைக்குப் புதிய செய்தியன்று. சவூதி அரேபியாவின் அபா நகரில் 3–0 எனத் தோற்றுக் கொழும்பில் 1–1 எனச் சமன் செய்தது இலங்கை. ஏழு சமநிலைகளுள் கொழும்பு மண்ணில் விளைந்த நான்காவது அது.

அடுத்த ஆண்டு செப்டெம்பரில் அதே அணி, புலம்பெயர்ந்தோர் மக்கள் பலரையும் சேர்த்துக்கொண்டு, ஆசியக் கிண்ணத் தகுதிகாண் சுற்றிற் கம்போடியாவுடன் மோதியது. கொழும்பில் கோலின்றிச் சமநிலை. புனோம் பென்னில் 2–2. தண்ட உதைகளில் இலங்கை வென்றது.