எலும்பைக் காத்த சுண்ணாம்பு

சிம்பாங் பூலாயின் சுண்ணாம்புக் குன்றுகள், பண்டைக் கடலடியில் உயிரினங்களின் ஓடுகள் படிந்து இறுகியதால் உருவானவை. அவை டைனசோர்கள் தோன்றுவதற்கும் முந்தியவை. ஆதலின் அக்கற்களில் டைனசோர் எலும்பைத் தேடிப் பயனில்லை. மலேசியாவின் முதல் டைனசோர் எச்சமாகிய பல் பகாங்கில் கிடைத்ததை 2014இல் மலாயாப் பல்கலைக்கழகம் அறிவித்தது. எனினும், சுண்ணாம்புக்கும் டைனசோர் எலும்புக்கும் உள்ள உறவை உணர்த்த வல்லது தமிழகத்தின் அரியலூர் வட்டாரமே.

எலும்புக்கு உறுதி தருவது கால்சியம் பாஸ்பேட்டு. அமில மண்ணில் அது மெல்லக் கரைந்துவிடும். நம் ரப்பர்த் தோட்டங்களின் மண் அத்தகையது. சுண்ணாம்பு கலந்த நிலத்தடி நீரோ அமிலத்தை அடக்கி எலும்பைக் காக்கிறது. நீரிலுள்ள தாதுக்கள் நுண்துளைகளிற் படிய, எலும்பு கல்லாகிறது. கடற்சிப்பி ஓடுகளில் உள்ள ஆக்சிஜன் அணுக்களின் எடை வேறுபாட்டைக் கொண்டு, பழங்கடலின் வெப்பநிலையையும் அறிஞர் கணிக்கின்றனர்.

அரியலூர்ப் பாறைகளை 19ஆம் நூற்றாண்டிலேயே பிளான்ஃபோர்டு என்னும் நிலவியலார் ஆராய்ந்தார். 1980களில் யாதகிரி, அய்யாசாமி ஆகியோர் கல்லமேட்டில் கிடைத்த மாபெரும் எலும்புகளை விவரித்து, அவ்விலங்குக்குப் ‘புருகத்காயோசாரஸ்’ எனப் பெயரிட்டனர். அதன் கால் எலும்பொன்று ஏறத்தாழ 2 மீட்டர் நீளம்! ஆனால், மழையில் ஊறிய களிமண்ணிலிருந்து எடுக்கப்பட்ட அவ்வெலும்புகள் நொறுங்கிப் போயின. இன்று எஞ்சியிருப்பவை படங்களும் குறிப்புகளுமே. கோடிக்கணக்கான ஆண்டுகள் மண் காத்ததை, மனிதரால் சில ஆண்டுகள்கூடக் காக்க இயலவில்லை.

மழை அழித்தது ஓரிடத்தில். வெடிமருந்து அழிப்பது எத்தனை இடங்களிலோ! சுண்ணாம்புக்கல் இன்றிச் சிமெண்டு இல்லை. வீடும் பாலமும் பள்ளியும் இல்லை. எனவே, கல்லுடைப்பே கூடாது என்பது நடைமுறைக்கு ஒவ்வாது. ஆயினும் 100 டன் தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 டன் சுண்ணாம்பும் 44 டன் கரியமில வாயுவும் கிடைக்கின்றன. பழங்கடலின் வெப்பத்தைச் சொல்லும் கல்லே, சூளையில் எரியும்போது நம் காலத்தின் வெப்பத்தைக் கூட்டுகிறது.

வருங்காலத் தலைமுறையின் தேவைக்கு ஊறு நேராமல் இன்றைய தேவையை நிறைவு செய்வதே நிலைத்த வளர்ச்சி என, 1987இல் புருண்ட்லாண்டு அறிக்கை வரையறுத்தது. நமக்கு அதன் பொருள் தெளிவு: வெடி வைக்கும் முன் ஆய்வு, ஆய்ந்தபின் பதிவு, அரியதெனக் கண்ட இடத்திற்குக் காப்பு. கிந்தாப் பள்ளத்தாக்கு 2018இல் தேசியப் புவிப்பூங்காவாக அறிவிக்கப்பட்டது இதற்கு நல்ல தொடக்கம்.

மாணவர்களே, உடைத்த குன்று மீண்டும் வளராது. அதனை விற்குமுன் படித்தறிவது நம் கடன்.