ஆறாப் புண்ணும் அரைத்த இலையும்: காரைக்காலை முன்வைத்து

காலில் முள்ளோ கிளிஞ்சலோ கீறினால், வரப்பில் கிடக்கும் வெட்டுக்காயப் பூண்டைக் கசக்கிச் சாறு பிழிவது டெல்டாவின் பழைய வழக்கம். பெரும்பாலான கீறல்கள் ஆறிவிடுகின்றன. ஆற்றியது இலையா, உடம்பின் இயல்பா என்று எவரும் பிரித்துப் பார்ப்பதில்லை. சர்க்கரை நோயாளியின் காலில் இந்தக் கேள்வியைத் தள்ளிப்போட முடியாது. நரம்பு மரத்திருப்பதால் வலி தெரியாது; ரத்த ஓட்டம் குன்றியிருப்பதால் தசை வளராது; அழற்சி தணியாமல் நீடிக்கும். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின்படி, புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் வயதுவந்தோரில் 26.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, நாட்டளவில் 11.4. காரைக்கால் அந்த ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது.

தாவர மருந்து பயன்படாது என்பதல்ல என் வாதம். இலை வேறு, அளவிட்டுச் செய்த மருந்து வேறு என்பதே.

சென்னை ராயபுரம் எம்.வி. நீரிழிவு மருத்துவமனையினர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், அதிமதுரம், வாழை, மஞ்சள், தாழை, சோற்றுக்கற்றாழை, தேங்காயெண்ணெய் சேர்ந்த களிம்பை சில்வர் சல்ஃபாடயசின் என்னும் வெள்ளிக் களிம்போடு ஒப்பிட்டார்கள். நோயாளிகள் 40 பேர். இரு பிரிவிலும் புண் ஆறச் சராசரியாக ஏறத்தாழ 43 நாள் ஆயிற்று. இதை வெற்றி என்று கொண்டாடுவோர் உண்டு, நான் தயங்குகிறேன். 40 பேரை வைத்து இரு மருந்தும் சமம் என்று நிறுவ இயலாது. ஒப்பீட்டுக்கு வைத்த வெள்ளிக் களிம்பே இவ்வகைப் புண்ணை ஆற்றும் என்பதற்கு உறுதியான சான்று இல்லாதபோது, அதற்குச் சமம் என்பதன் பொருள்தான் என்ன?

இதைவிட வலுவான சான்று தைவானிலிருந்து வந்தது. நம் வீட்டுத் தொட்டியில் வளரும் கற்பூரவள்ளியிலும் ஈர வரப்பில் படரும் வல்லாரையிலும் எடுத்த சாரங்களால் ஆன ஓஎன்101 களிம்பு அது. தைவான், சீனா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் 236 நோயாளிகளிடம் 16 வாரம் சோதித்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். களிம்பிட்டவர்களில் 60.7 விழுக்காட்டினருக்குப் புண் முழுதும் மூடியது. ஈரம் உறிஞ்சும் கட்டு மட்டும் போட்டவர்களில் 35.1 விழுக்காட்டினருக்கே மூடியது. அழற்சியை நீட்டிக்கும் விழுங்கணுக்களைக் குறைத்து, திசுவைச் சீராக்கும் விழுங்கணுக்கள் மேலோங்கச் செய்வதே இதன் செயல்முறை என்கிறார்கள். ஆனால் சேர்க்கப்பட்டவை எலும்புவரை புரையோடாத புண்கள். அழுகிய காலுக்கு இந்த எண்கள் பொருந்தா.

நீரிழிவுப் பாதம் குறித்த பன்னாட்டுப் பணிக்குழு 2023 வழிகாட்டுதலில், புண்ணை ஆற்றுவதற்கென்று மூலிகைக் கட்டுகளைப் பயன்படுத்த வேண்டாம் என்றது. சித்த மருத்துவர்கள் சிலருக்கு இது வருத்தம் தரலாம். சான்றின் தரத்தைப் பார்த்துச் சொன்ன தீர்ப்பாகவே நான் இதை வாசிக்கிறேன். சான்று மாறினால் தீர்ப்பும் மாறும்.

மாற்றும் பொறுப்பு நம்முடையது. ஊமத்தை இலைச்சாறு, தேங்காயெண்ணெய், துருசு சேர்த்துக் காய்ச்சும் மத்தன் தைலம் சித்த மருத்துவத்தில் ஆறாப் புண்ணுக்கு நெடுங்காலமாக வழங்கிவருகிறது. ஊமத்தை நஞ்சுள்ளது, துருசோ செம்பு உப்பு. திறந்த புண் வழியே எவ்வளவு உடம்பில் சேர்கிறது என்று அளந்தாக வேண்டும். காரைக்காலில் 2016 முதல் ஜிப்மர் கிளை இருக்கிறது. வேளாண் கல்லூரியும் இருக்கிறது. செடியை ஒரே தரத்தில் வளர்த்து, தைலத்தை ஒரே அளவில் காய்ச்சி, இரு பிரிவு நோயாளிகளுக்கும் பாதத்தின் சுமை குறைக்கும் காலணியும் சர்க்கரைக் கட்டுப்பாடும் சமமாகத் தந்து சோதிக்க இந்த இரு நிறுவனங்களும் கைகோக்க வேண்டும்.

அதுவரை, சர்க்கரை உள்ளவர் காலில் கீறல் கண்டால் இலை அரைக்காதீர்கள். சுத்தமான நீரில் கழுவி, தூய துணியால் மூடி, அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.